மோசல் நதியில் யல்லா அண்ணன்

மஸ்கட்டின் ரூவி பகுதியில் அவசரம் என்ற சமாசாரமே யல்லா அண்ணனால்தான் புழக்கத்துக்கு வந்தது என்பது என் தீர்மானமான கருத்து. அதுவரை மஸ்கட்வாசிகள் நிதானமாகத்தான் இருந்திருப்பார்கள். இவர் மதுரையிலிருந்து வந்து இறங்கிக் கெடுத்துவிட்டார்.

கட்டுமானச் சாமான் விற்கும் கம்பெனியில் லாரிகளை சைட்டுக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை. 'கிளம்பு, சீக்கிரம்' என்பதற்கு அரபியில் யல்லா. காலையிலிருந்து சாயங்காலம்வரை டிரைவர்களைப் பார்த்து அதையே கத்திக் கத்தி, வீட்டிலும் வாய் நிற்காது. அப்பா அம்மா வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர் ஃப்ளாட்டில் குடியிருந்த எங்களுக்கு அவர் யல்லா அண்ணன்தான்.

டிவிடியில் படம் போட்டால் பாட்டு, சண்டை, காதல் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு நேரே கடைசிக் காட்சிக்குப் போவார். "வில்லன் செத்துட்டான். கலாஸ், முடிஞ்சுபோச்சு. சோத்தைப் போடு" என்று எழுந்துவிடுவார். விருந்துக்குக் கூப்பிட்டால் சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே நேரத்தில் ஊற்றச் சொல்வார். "உள்ள போயி எல்லாம் ஒண்ணாத்தானப்பா சேரப்போகுது?" கோயில் பிரகாரத்தில் ஹாரன் இல்லாத குறையாக ஓவர்டேக் செய்த பக்தர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். யார் வீட்டுக் கல்யாணத்திலோ, "முகூர்த்தம் எப்பவோ வந்துருச்சு சாமி, யல்லா!" என்று ஐயரையே அவசரப்படுத்தி, ஐயர் பதறிப்போய் மாலையை மாப்பிள்ளைத் தோழன் கழுத்தில் போட்டதாக ஒரு கதை உண்டு. அண்ணன் அதை மறுத்ததில்லை.

இவருக்கு வாய்த்த அண்ணி நேர்மாறு. ஒரு காபியை அரை மணி நேரம் குடிப்பவர். கோபம் வந்தாலும் மெதுவாகத்தான் வரும். வந்தால் போகாது.

அந்த வருஷம் அவர்கள் மகள் பிளஸ் டூ எழுதி முடித்தாள். கல்ஃபில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பிள்ளை காலேஜில் சேர ஊருக்குப் போகும். துணைக்கு அம்மாவும் போய்விடுவாள். அப்பா ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு பேச்சிலர் ரூமில் ஒரு கட்டிலுக்கு மாறுவார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு லீவு, வெள்ளிக்கிழமை போன், அவ்வளவுதான். மகள் முன்கூட்டியே தாத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணி ஜூன் மாதம் கிளம்புவதாக ஏற்பாடு.

"போறதுக்கு முன்னாடி உனக்கு என்ன வேணும், சொல்லு. நகையா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

அண்ணி அடுக்களைச் சுவரைக் காட்டினாராம். ஜெர்மன் பம்பு விற்கும் கம்பெனி இனாமாகக் கொடுத்த காலண்டர் அங்கே தொங்கியது. வளைந்து போகும் ஆறு, இரண்டு கரையிலும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், நடுவில் வெள்ளையாக ஒரு படகு. குக்கர் விசிலுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அண்ணி பார்த்துக்கொண்டிருந்த படம்.

"இந்தப் போட்டுல ஒருநாள் பூராவும் நீங்க என் பக்கத்துல உக்காந்து வரணும். பேசக்கூட வேணாம். எந்திரிக்காம உக்காந்திருந்தாப் போதும்."

அண்ணன் ஒரு நகைக்கடையையே வாங்கித் தந்திருப்பார், அது சுலபம். ஆனாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். "உக்காருறேன். என்ன ஆனாலும் சரி, உக்காருறேன்!"

போருக்குப் போகிறவர் மாதிரி பயிற்சியும் எடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் குரும் கடற்கரையில் அண்ணிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். மேற்பார்வைக்கு நானும் என் மனைவியும். சுண்டல் பொட்டலம் பிரிக்கும் நேரம் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கமாட்டார். பார்க்கிங்கில் நின்று, யாரோ ஒரு ஓமானியின் காரை, "பேக், பேக், யல்லா!" என்று ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருப்பார்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க" என்றார் அண்ணி. மே மாதத்தில் நான்கு பேருமாக ஜெர்மனி போனோம்.

மோசல் நதி காலண்டரில் இருந்தது போலவே இருந்தது. காலையில் படகேறி, சாயங்காலம் மேலே ஒரு திராட்சைக் கிராமத்தில் இறங்கி, இரவு அங்கே தங்கி, மறுநாள் ரயிலில் திரும்பி விமானம் பிடிப்பதாகத் திட்டம். மேல்தளத்தில் ஓரமாக இரண்டு இருக்கை பிடித்தார்கள். அண்ணி கிளிப்பச்சைப் பட்டு உடுத்தி, புளிசாதப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

படகு கிளம்பியது. கிளம்பியதா என்று அண்ணனுக்குச் சந்தேகம். "கரை நகருதா, நம்ம நகருறமா?" என்றார். கரையில் ஒரு கிழவர் நாயோடு நடந்துபோனார். நாய் எங்களை முந்தியது.

அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். பிறகு ஆற்றின் குறுக்கே ஒரு அணை வந்தது. படகு ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவை மூடிவிட்டார்கள், முன்னாலும் கதவு. தண்ணீரை நிரப்பிப் படகை மேல்மட்டத்துக்குத் தூக்கும் ஏற்பாடாம். கேட்டை மூடி வண்டியை நிறுத்தினால் கல்ஃப்காரனுக்கு ஒரே அர்த்தம்தான்: செக்கிங். அண்ணன் பாய்ந்து எழுந்து, நான்கு பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ட் கார்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு, கரையில் நின்ற ஊழியரை நோக்கி நீட்டினார். "ஆல் ஃபேமிலி! நோ பேச்சிலர்!"

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

"உக்காருங்க" என்றார் அண்ணி. உட்கார்ந்தார். நடுவில் நேரே கேப்டனிடம் போய், "பாய், தோடா ஜல்தி" என்று இந்தியில் ஒரு தடவை அவசரப்படுத்திவிட்டு வந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வினையாக வந்தது படகில் கொடுத்த வரைபடம். அந்த ஆறு நேராகப் போகிற ஜாதி இல்லை. ஒரு மலையைப் பெரிய வட்டமாகச் சுற்றி, கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே முதுகுப்பக்கமாக வந்து நிற்கிறது. நாங்கள் தங்கவேண்டிய கிராமம் அந்த முதுகுப்பக்கம். அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். லாரி அனுப்பும் ரத்தம் கொதித்துவிட்டது.

"அநியாயமா இருக்குப்பா! இந்த மலையைத் தாண்டுனா அந்தப் பக்கம் ஊரு. இவய்ங்க என்னடான்னா உலகத்தையே சுத்திக்கிட்டுப் போறாய்ங்க. எவன்டா இவய்ங்களுக்கு ரூட் போட்டுக் குடுத்தது?"

"ஆறுதாண்ணே போட்டுச்சு" என்றேன்.

படகு ஒரு துறையில் ஒதுங்கியது. அண்ணன் எழுந்தார். "நான் முன்னாடி போயி ரூமு நல்லா இருக்கான்னு பாத்து வைக்கிறேன். நீங்க மெதுவா வாங்க." அண்ணியின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

அண்ணி தடுக்கவில்லை. "போங்க" என்றார். அவ்வளவுதான்.

திராட்சைக் கொடிகளுக்கு நடுவே அண்ணனின் வெள்ளைச் சட்டை விறுவிறுவென்று ஏறியது. என் மனைவி போய் அந்தக் காலி இருக்கையில் உட்காரப் பார்த்தாள். அண்ணி புளிசாதப் பையை அதில் தூக்கி வைத்தார். "வேணாம்மா. அது அவுக சீட்டு." எனக்கு அண்ணன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் மலையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை; அது எவ்வளவு அழகாக இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

படகு சாவகாசமாக மலையைச் சுற்றி வந்தது. கிராமத்துத் துறையில் அண்ணன் நின்றார், பேன்ட் முழுக்கச் செம்மண், தலையில் ஒரு திராட்சை இலை. ஜெயித்தவர் என்ன அலப்பறை செய்யப்போகிறாரோ என்று பார்த்தால், அப்படி எதுவும் இல்லை. அண்ணி இறங்கியதும் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"உச்சியில நின்னு பாத்தேன்" என்றார். "போட்டு தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுச்சு. உன் சேலை மட்டும் தனியாத் தெரிஞ்சுச்சு. பக்கத்துல யாருமே இல்ல. அப்படியே நின்னுட்டேன். நீ ஊருக்குப் போனதுக்கப்புறம் இப்படித்தானடி இருக்கும்?"

அண்ணி நிதானமாக அவர் தலையிலிருந்து அந்த இலையை எடுத்துப் போட்டார்.

"இதைப் பாக்கவா மலையேறுனீக? கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு அப்படித்தாங்க தெரியுது."

நானும் என் மனைவியும் பெட்டியை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டோம்.

இரவு விடுதிக்காரம்மாள், தன் தோட்டத்துத் திராட்சையில் செய்த வைனை ஆளுக்கு ஒரு கிளாஸ் வைத்தார். பழைய ஆளாக இருந்தால் கஷாயம் குடிக்கிற மாதிரி ஒரே மடக்கில் முடித்திருப்பார். அண்ணன் கிளாஸைத் தொடவே இல்லை. ஆறு தெரிகிற ஜன்னலோரம், அண்ணிக்குப் பக்கத்தில் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். அண்ணி வைன் வேண்டாமென்று கேட்டு வாங்கிய திராட்சைச் சாற்றை, சாறும் தீராமல் கிளாஸும் நகராமல், பருகிக்கொண்டிருந்தார். அண்ணனின் முட்டி ஆடியது. வலது கையால் அமுக்கினார், இடது கையால் அமுக்கினார். கடைசியில் அண்ணி தன் கையை எடுத்து அந்த முட்டிமேல் வைத்தார். ஆட்டம் நின்றது.

மறுநாள் காலை ரயிலுக்குப் பெட்டியோடு கிளம்பி நின்றோம். அண்ணனைக் காணவில்லை. தேடிக்கொண்டு துறைக்கு ஓடினேன். டிக்கெட் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அண்ணி.

"அண்ணே, போட்டுல போனா ஃப்ளைட்டு என்னாகும்?"

"போனாப் போவட்டும்ப்பா. நாளைக்கு வேற ஃப்ளைட்டு இல்லாமயா போயிரும்?"

என் காதை நானே நம்பவில்லை. அண்ணன் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, நேற்று வந்ததைவிட மெதுவாகப் போகிற படகு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டிக்கெட் கொடுக்கும் பெண் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் சிரித்து முடித்துப் பதில் சொல்லட்டும் என்று நின்றார்.

அந்த மனுஷன் என் சொந்த அண்ணனாகவே இருந்திருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.