ஹோல்டு சாரும் ஆறு முட்டைகளும்

குறையே சொல்ல முடியாத பொருள் என்று உலகத்தில் ஒன்று இருந்தால், அதை ஹோல்டு சார் கையில் ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். ஆறாவது நிமிடம் அதில் சிவப்பு அட்டை தொங்கும்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தோலில் கீறல், ஷூவில் தையல் பிசகு, எது கண்ணில் பட்டாலும் சட்டைப் பையிலிருந்து நூல் கோத்த ஒரு அட்டையை எடுத்துக் கட்டிவிடுவார். ‘ஹோல்டு’ என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கட்டியவரே கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை அந்தச் சரக்கை முதலாளி வந்தாலும் நகர்த்தக் கூடாது. ஒரு தடவை ஒரு சூப்பர்வைசர் அவசரத்தில் அட்டையைப் பிய்த்துவிட்டு அனுப்பிய ஷூக்கள் கப்பலேறிப் போய், அப்படியே கப்பலேறித் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அந்த அட்டையை எங்கள் ஆட்கள் யாரும் தொடுவதில்லை.

ஷூவோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? கேண்டீன் சாம்பார் அண்டாவில் ஒரு நாள் கட்டினார். “பருப்பு வேகல. ப்ராசஸ் முடியல” என்றார். முந்நூறு பேர் தட்டோடு நின்றோம். டயர் வழுக்கையாகிவிட்டது என்று ஜி.எம். காரின் கைப்பிடியில் கட்டினார். ஜி.எம். இரண்டு நாள் ஷேர் ஆட்டோவில் வந்தார். எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது அம்மா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “அந்த மனுஷன் நம்மகூட வரலையே?” என்பதுதான்.

பெண் பிடித்திருந்தது. வேலை நிரந்தரமானதும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பெண் வீட்டார். நான் கம்பெனியின் விருந்தினர் விடுதிக்குப் பொறுப்பாளராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. விடுதியின் பின்புறம் ஒரு நீச்சல் குளம். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வரும் பையர்கள் குளிப்பார்கள் என்று முதலாளி ஆசையாகக் கட்டியது. பையர்கள் வீடியோவிலேயே ஷூ பார்க்கப் பழகிய பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மழை குளத்தை நிரப்பியது. கோரை ஆளுயரம் வளர்ந்தது. தவளைகள் ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடாததுதான் பாக்கி.

ஜி.எம். ஒரு நாள் கூப்பிட்டார். “பத்து நாள்ல பையர் நேர்ல வர்றார். இங்கதான் தங்கப்போறார். குளம் கண்ணாடி மாதிரி இருக்கணும். உன் பெர்மனன்ட் ஆர்டர் என் மேஜை மேலதான் இருக்கு. குளத்தைப் பாத்துட்டு கையெழுத்துப் போடறேன்.”

பம்ப் வைத்துத் தண்ணீரை இறைக்க இரண்டு ஆட்களைப் பிடித்தேன். அவர்கள் குழாயை இறக்கியதும் ஒரு பாம்பு மெதுவாக ஏறி வந்து பம்ப் மேலேயே சுருண்டு படுத்தது. நாட்றம்பள்ளியில் ஒரு சாவு என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். பம்பை எடுக்கக்கூட வரவில்லை. பாம்புக்குப் பயப்படாத ஒரே ஆள் ஹோல்டு சார்தான் என்று யாரோ சொல்ல, புத்தி கெட்டுப்போய் நானே அவரைக் கூட்டி வந்தேன்.

அவர் பாம்பைக் கையில் எடுத்தார். தோல் பார்ப்பதுபோலக் கட்டைவிரலால் நீவினார். “தண்ணிப் பாம்பு தம்பி, விஷம் கெடையாது. இன்னா ஒரு பினிஷிங் பாரு. ஏ கிரேடு.”

மூன்று நாள் லீவு போட்டு வேலை பார்த்தார். பாம்பும் இரண்டு ஆமைகளும் சாக்கில் ஏறி, அவருடைய மொபெட்டில் ஏரிக்குப் போயின. தவளைகளைப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுபோனார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, “கால் கொஞ்சம் ஷார்ட்டு, பரவால்ல” என்று பாஸ் செய்தார். எனக்கு அவர்மேல் பக்தியே வந்துவிட்டது.

நான்காம் நாள் நான் பம்ப் சுவிட்சில் கை வைத்தபோது, “நிறுத்து” என்றார். கோரைக்குள் ஒரு கானாங்கோழி உட்கார்ந்திருந்தது. வெள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்களை முறைத்தது. அது எழுந்து நகர்ந்தபோது அடியில் ஆறு முட்டைகள். ஹோல்டு சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. ஆங்கிலத்தில் காரணம் எழுதி, குளத்து ஏணியில் அட்டையைக் கட்டினார். ‘காரணம்: முட்டை ஆறு. ப்ராசஸில் இருக்கிறது.’

“சார், கூட்டோட தூக்கி அந்தாண்ட வெச்சுடலாமே?”

“பாதி ப்ராசஸ்ல சரக்கைத் தூக்குனா இன்னா ஆவும்? தாய் திரும்பி வராது. மொத்த லாட்டும் போச்சு.”

“என் வேலையும் போய்டும் சார். கல்யாணமும் போய்டும்.”

“நீ பொறந்து இருபத்தேழு வருஷம் ஓட்டிட்ட. அது இருபது நாள்தான் கேக்குது.”

அவரோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது அட்டையின் நூலைப் பிடித்தும் பார்த்தேன். கோழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.

பையர் வந்தார். ஆறரை அடி மனிதர். ஜி.எம். அவரைப் பின்பக்கம் கூட்டி வந்து, பச்சைத் தண்ணீரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். என் கல்யாணப் பந்தலைப் பிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் பையரின் கண் அட்டையில் இருந்தது. அந்த விதியைப் போட்டதே அவர் கம்பெனிதான். குனிந்து படித்தார். இதைக் கட்டியவர் யார் என்று கேட்டார். ஹோல்டு சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார், அந்தக் கோழி மாதிரியே.

பையர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். தேதி போடவில்லையே என்றார். தேதி இல்லாத ஹோல்டுக்குக் கெடு கிடையாது, அதை என்றைக்குமே அவிழ்க்க முடியாதே என்றார்.

ஹோல்டு சாரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. பேனாவை எடுத்துத் தேதி எழுதினார். “முப்பது வருஷ சர்வீஸ்ல மொத ரிஜெக்ட்டு” என்று முனகினார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

பையரோ ஷூவைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கோழியைப் பார்த்தார். குஞ்சு பொரித்தால் படம் அனுப்பச் சொன்னார். பையர் சிரித்ததும் ஜி.எம்.மும் சிரித்தார். சாயங்காலமே என் ஆர்டரில் கையெழுத்து விழுந்தது.

குஞ்சுகள் கறுப்பு நூல்கண்டு மாதிரி உருண்டு வந்தன. ஹோல்டு சார் ஆறையும் இரண்டு தடவை எண்ணினார். எல்லாம் வெளியேறிப் போன பிறகே கையெழுத்துப் போட்டு அட்டையை அவிழ்த்தார். என் கல்யாணத்துக்கு வந்து, மாலையில் ஒரு பூ வாடியிருக்கிறது என்று சட்டைப் பையில் கை விட்டார். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

சென்ற ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். சால்வை போட்டார்கள், பேசினார்கள். அவர் கிளம்பும்போது, கையில் வைத்திருந்த பையின் பிடியில் நான் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

“தேதி போடலையே தம்பி.”

“போட மாட்டேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அட்டையை அவிழ்க்காமல், பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போனார்.