அலறலுக்குச் சொந்தக்காரி

காலையில் அவன் டீக்குத் தண்ணீர் வைத்தான். மனைவி உப்பு நீரில் தொண்டையைக் கொப்பளித்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோ கழுத்தை அறுப்பதுபோல் அலறினாள். அவன் சர்க்கரை போட்டான்.

அவள் டப்பிங் கலைஞர். சாவுதான் அவள் துறை. சினிமாவிலும் வீடியோ கேமிலும் எந்தப் பெண் செத்தாலும் குரல் அவளுடையதாக இருக்கும். பெயர் மட்டும் எதிலும் வராது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசிவரை எழுந்திருக்க மாட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் ரெக்கார்டிங். போன் ஆஃப்ல இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் டிவியைப் போட்டான். புதிதாக வந்த பேய் கேம் ஒன்றின் கொலைக் காட்சியைப் பற்றிச் செய்தி. பேயை விட்டுவிட்டுக் கத்தியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

"இந்த அலறல் நிஜமாகவே கொல்லப்பட்ட ஒரு பெண்ணுடையதா?" என்று செய்தி வாசிப்பவர் கேட்டார். பக்கத்தில் ஒரு நிபுணர். "இதை யாராலும் நடிக்க முடியாது" என்றார்.

அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. யாராலும் முடியாததை அவள் டீக்கு முன்னால் செய்கிறாள். இன்றைக்காவது பெயர் வரட்டும் என்று, திரையில் ஓடிய எண்ணுக்குப் போன் செய்தான்.

"சார், அது என் மனைவியோட குரல்."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?"

"வெளிய போயிருக்கா. போன் ஆஃப்."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"ரொம்பப் பெருமையா இருக்கு."

டீ ஆறுவதற்குள் திரையில் எழுத்து ஓடியது: 'அலறியது என் மனைவிதான்: மாயமான பெண்ணின் கணவர் பெருமிதம்.'

கொஞ்ச நேரத்தில் டிவி வண்டி வாசலில் நின்றது. பெண் நிருபர் மைக்கை நீட்டினார். அவன் எதிர்வீட்டு அக்காவைத் துணைக்கு இழுத்தான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க."

அக்கா கேமராவைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். "தங்கமான தம்பி. அந்தப் பொண்ணு தினமும் காலையில கத்தும். எங்களுக்கு அதான் அலாரம். குடும்ப விஷயம் பாருங்க, நாங்க தலையிடறதில்ல."

"அவளாத்தான் கத்துவா. நான் பக்கத்துலகூட போக மாட்டேன். டீ போட்டுட்டு இருப்பேன்" என்றான் அவன்.

'மனைவி அலற, டீ போட்ட கணவர்' என்று ஓடியது.

இனி ஆதாரம் காட்டினால்தான் ஆகும் என்று செல்போனை எடுத்தான். "எல்லாத்தையும் நானே பதிவு பண்ணி வெச்சிருக்கேன், கேளுங்க. இது மாடியிலேர்ந்து தள்ளுனது. இது தீ. இது கழுத்தை நெரிச்சது, இதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது."

நிருபர் பின்னால் நகர்ந்தார். கேமரா முன்னால் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"மிச்சத்தை ஸ்டேஷன்ல போட்டுக் காட்டுங்க தம்பி."

அவன் ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தபோது வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. ஸ்டுடியோவிலும் டிவி உண்டு. அவள் இறங்கி நடந்து வந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்தவ."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

அவள் கைப்பையை அவனிடம் கொடுத்தாள். மூச்சை இழுத்தாள். அலறினாள்.

தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டு அக்கா பழக்க தோஷத்தில் மணி பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். நேரலையில் செய்தி வாசிப்பவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கைப்பையைப் பிடித்தபடி, மந்திரியின் உதவியாளன்போல் அவன் அவள் பக்கத்தில் நின்றான்.

நிருபர் அவள் பெயரைக் கேட்டார். அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். திரையின் அடியில் அது பெரிய எழுத்தில் வந்தது, பிழையில்லாமல். மதியம் முழுக்க ஓடியது. 'கேம் உலகின் அலறல் அரசி' என்று அதே நிபுணர் புகழ்ந்தார்.

கூட்டம் கலைந்து உள்ளே வந்ததும் அவன், "நான் பேசறதுக்கு முன்னாடியே, நீ செத்துட்டேன்னு டிவிக்கு எவனோ போன் பண்ணிக் கிளப்பி விட்டிருக்கான். கண்டுபிடிச்சு கேஸ் போடணும்" என்றான்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்துட்டேன்னு நான் எங்கங்க சொன்னேன்? அந்தக் குரல் யாரோடதுன்னு விசாரிங்கன்னுதான் சொன்னேன்."