சோளன் மாஸ்டரின் ஊதாப் புள்ளிகள்

சந்தேகத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி, அறுவடையும் கண்ட ஒரே மனிதர் எங்கள் இறுப்பிட்டிச் சோளன் மாஸ்டர்தான். உயிரியல் படிப்பித்தவர். தபால்காரர் சிரித்தால், கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டார் என்பார். பக்கத்துத் தோட்டத்தில் நான் நட்ட சோளனின் மகரந்தம் களவாக வருகிறதென்று, தன்னுடைய சோளன் பொத்திகளுக்கெல்லாம் கடதாசிப் பை கட்டி இலக்கமும் எழுதினார்.

ஒருநாள் ஒரு பையைப் பிரித்துக் காட்டினார்: மஞ்சள் மணிகளில் ஊதாப் புள்ளிகள்! நாவற்பழச் சாறு பூசியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். எச்சில் தொட்டு உரசினேன், போகவில்லை.

"மரபணுக்களுக்கை தாவித் திரியிற துண்டு ஒண்டு இருக்கு. நிறம் தாற மரபணுவுக்குள்ளை அது போய்க் குந்தினால் நிறம் வராது. மணி வளரேக்கை சில இடத்திலை திரும்பி வெளியாலை பாயும். அங்கை புள்ளி விழும். கெடுக்கிறதும் அது, புதுசு தாறதும் அது. உது தாவாட்டி உலகத்திலை இவ்வளவு வகை வந்திராது. உம்மட்டையும் கிடக்கு."

"என்னட்டை இல்லை, மாஸ்டர்," என்றேன், எதற்கும் இருக்கட்டுமென்று.

எண்பத்து நான்கில் ஒருநாள் காலை, ரோந்து வந்த ஆமிக்காரர் அந்த இலக்கப் பைகளைக் கண்டு, குண்டுகள் என்று நினைத்துத் தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். முந்தைய ஆண்டுக் கலவரத்தில் தெற்கில் கடையை இழந்து வந்தவன் நான், சிங்களம் தெரியும். மொழிபெயர்க்க என்னை இழுத்து விட்டார்கள்.

"பைக்குள் என்ன?" என்றார் அதிகாரி.

"தாவுற துண்டு எண்டு சொல்லும்," என்றார் மாஸ்டர்.

அதைச் சொன்னால் இரண்டு பேரும் முடிந்தோம். "சோளனுக்கு நோய், சேர்," என்றேன் சிங்களத்தில். மாஸ்டருக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் அந்த 'நோய்'தான்.

"ஆருக்கு நோய்? உண்மையைச் சொல்லும்!"

ஒரு ஆமிக்காரனின் துவக்கு மாஸ்டர் பக்கம் திரும்பியது. முழுவதையும் சொன்னேன்.

"எப்போது, எங்கே தாவும்?" என்றார் அதிகாரி.

"அது ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் மாஸ்டர், பெருமையோடு.

அதிகாரியின் முகம் இறுகியது. தானே ஒரு பையைக் கிழித்தார். புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஊரில் காடு வெட்டி விதைக்கிற எங்கள் சேனையிலும் இப்படி வரும். அம்மா மாட்டுக்குப் போட்டுவிடுவாள்." நாலு மணியை உதிர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"கிட்ட வேறை சோளன் நடவேண்டாம் எண்டு சொல்லும்!" மாஸ்டர் கத்தினார். அதையும் சொன்னேன்.

அவர்கள் ஒழுங்கையில் மறைந்ததும் மாஸ்டர் என் பக்கம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோய் எண்டுதானே முதல்லை சொன்னனீர்?"

"ஓம், மாஸ்டர். உங்களைக் காப்பாத்தத்தான்."

நம்பாமல் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வீட்டுப் படலை வரும்வரை என் கையை விடவே இல்லை.