ஏழாம் எண்

“யாருடா பதில் சொன்னது?” என்று தற்காலிக ஆபரேட்டர் சவரி திரையைப் பார்த்துக் கேட்டான்.

திரையில் ஏழு என்ற எண் நின்றது.

தர்மபுரியில் இருந்த அந்தக் கூட்டுறவு அலுவலகத்துக்கு மொத்தம் மூன்றே கம்ப்யூட்டர்கள். ஒரே கம்பியில் கோத்தவை. எதை முடுக்கினாலும் அது முதலில் கம்பி முழுக்கக் கேட்கும்படி கூவும்: இங்கே நேம் சர்வர் யார்? எல்லோருடைய பெயரும் இடமும் தெரிந்த ஒன்றாம் கம்ப்யூட்டர், ‘நான்தான்’ என்று தன் எண்ணைச் சொல்லும். யார் முந்திச் சொன்னாலும் கூவிய கம்ப்யூட்டர் அவரை நம்பிவிடும். இன்று முந்திக்கொண்டது ஏழு.

அப்படி ஒரு கம்ப்யூட்டரே கிடையாது.

இன்று மெட்ராஸிலிருந்து அதிகாரி வருகிறார். எல்லாம் ஓடினால் சவரிக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் சொந்த ஊரான இண்டூருக்குத் திரும்பித் தக்காளி பறிக்க வேண்டியதுதான்.

“ஏன் சவரி, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கெடக்கு?” என்றாள் டைப்பிஸ்ட் நசீம் பானு.

“இல்லாத மிசின் பேசுதுங்கக்கா.”

“யா அல்லா! அணைச்சுட்டு மறுபடி போடு.”

போட்டான். ஏழு.

“ஒண்ணாம் நம்பரு கெட்டிருக்கும். அதை அணை.”

அணைத்தான். போட்டிக்கு ஆள் இல்லாததால் ஏழு இன்னும் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னது. மூன்றாவதையும் அணைத்தான். இப்போது அறையில் விழித்திருந்தது அவன் முன்னால் இருந்தது மட்டும்.

அது கூவியது. ஏழு பதில் சொன்னது.

நசீம் பானு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். “இந்த எடத்துல முன்ன என்ன இருந்துச்சுன்னு விசாரிச்சியா?”

“சும்மா இருங்கக்கா. நானே நடுங்கிட்டிருக்கேன்.”

“உங்க சர்ச்சு மாதாகிட்ட கேளு.”

“கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல. ஏழுதான் சொல்லுது.”

கம்பியின் முனையில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைக் கழற்றினால் கம்பி மொத்தமும் ஊமையாகிவிடும். சவரி கண்ணை இறுக மூடிக்கொண்டு கழற்றினான்.

ஏழு ஒழிந்தது.

“அப்பாடா!” என்றாள் நசீம் பானு. “சீக்கிரம் மாட்டு, அதிகாரி வந்துரப் போறாரு.”

மாட்டப் போன அவசரத்தில் மூடி நழுவி, உருண்டு, இரும்பு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இருவரும் தரையில் படுத்துக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பியூன் மாது கதவைத் திறந்தார்.

“சார், மெட்ராஸ் ஐயா நேத்து நீங்க வூட்டுக்குப் போனதுமே வந்துட்டாருங்க. உங்களைச் சோதிக்கணும்னு மாடிக்குக் கம்பி இழுத்து, ஏழுன்னு ஒரு பொட்டிய மாட்டிக்கிட்டு விடியறப்பலருந்து குந்தியிருக்காரு. இப்ப மொத்தத்தையும் அணைச்சது யாருன்னு பேரு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க.”