வீட்டில் இருக்கிறவருக்கு வந்த சான்றிதழ்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நானும் உங்கள் மகளும் பேத்திகள் இருவரும் இங்கே சுகம். உங்கள் மூட்டுவலியும் அத்தையின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "இருங்க, அத்தைகிட்ட குடுக்குறேன்" என்று நீங்கள் நழுவிவிடுவதால் கடிதம்.

மாமா, கிடைத்துவிட்டது! அரசாங்கமே என்னை ஒப்புக்கொண்டுவிட்டது!

நாற்காலிக் கடை வேலையை நான் விட்டதில் உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் இருமத் தொடங்கிவிடுவதாக அத்தையே சொன்னார்கள். என்ன செய்வது மாமா, இரட்டைப் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டால் என் சம்பளம் மொத்தமும் போய் மேற்கொண்டு நூற்றைம்பது கையிலிருந்து போனது. வேலைக்குப் போவதற்கு நான்தான் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் மகள் மருந்து ஆலைக்கு, நான் அடுப்படிக்கு என்று பிரித்துக்கொண்டோம். ஒரு சம்பளம், நாலு வயிறு. அவள் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் மாத்திரை அட்டை எண்ணப் போகிறாள். இப்படி இருக்கும்போதுதான், பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தால் மாதம் ஆறுநூறு உதவித்தொகை என்று பால் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். பால் வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலையே பிள்ளைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நலத்துறை அலுவலகம் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மா, "இவங்க அம்மா வரலியா?" என்றார்கள். "வேலைக்குப் போயிருக்காங்க மேடம்." "அப்ப வீட்ல யாரு இருக்கா?" "நான்தான்." "நீங்கதான் இங்க நிக்கிறீங்களே?" படிவத்தில் 'வீட்டில் இருக்கும் தாயின் கையொப்பம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. "இதுல தாய்னு இருக்கே மேடம்" என்றேன். "உங்களுக்கு உதவி வேணுமா, வேணாமா?" என்றார்கள். போட்டுவிட்டேன். அரசாங்கப் பதிவேட்டின்படி அன்று பகல் பதினொன்றரை மணிக்கு நான் தாயானேன்.

அடுத்து, மூன்று மாத வரவு செலவு எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "மாசாமாசம் வரவைவிடச் செலவு கூடவே இருக்கு. எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். "அதைத்தான் சார் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றேன், மரியாதையாகத்தான். அவர் சிரிக்கவில்லை. "கரண்ட் பில் எங்க?" என்றார். வரிசையில் நிற்கும்போது சின்னவள் கரண்ட் பில் எழுதியிருந்த ஓரத்தைத் தின்றிருந்தாள். நான் அவள் வயிற்றைக் காட்டினேன்.

பிறகு வீட்டை ஆய்வு செய்ய ஆள் வருவார் என்றார்கள். ஒன்பது நாள் வாசலைப் பார்த்தபடியே இருந்தேன் மாமா, குளிக்கும்போதும் கதவைத் தாழ் போடவில்லை. பத்தாம் நாள் பெரியவள் மூக்கில் ஒரு பாசிமணியைச் செருகிக்கொண்டாள். இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் ஓடி, மணியை எடுத்துத் திரும்பி வந்தால் கதவில் ஒரு சீட்டு: 'ஆய்வுக்கு வந்தோம். வீட்டில் இருப்பதாகக் கூறிய பெற்றோர் வீட்டில் இல்லை.' இந்தக் கக்கத்தில் ஒருத்தி, அந்தக் கக்கத்தில் ஒருத்தி, காலில் ஜோடி சேராத செருப்பு, தோளில் ஈரத்துணி, அப்படியே பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓடினேன். பையோடு நின்ற ஆய்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலைல புள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?" என்றார். எத்தனை கரண்டி உள்ளே போனது, எத்தனை என் சட்டைக்குப் போனது, எதைத் துப்பினாள், எதைத் துப்பிவிட்டுத் திரும்ப எடுத்துத் தின்றாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவருடைய பேருந்து வந்து போய்விட்டது. "போதும் சார், போதும்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. அவருக்கும் வீட்டில் சிறுபிள்ளை இருக்குமோ என்னவோ.

இன்று தபாலில் சான்றிதழ் வந்தது! 'முழுநேரக் குழந்தைப் பராமரிப்பாளர்', முத்திரையோடு, பதிவு எண்ணோடு. இனி யார் கேட்டாலும் நீங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். வரும் மாதத்திலிருந்து உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டித் தூங்குவாள். அவளுக்கு இன்னும் தெரியாது. வேலை முடிந்து வரும் நேரம்தான், கதவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசி எங்கள் நாலு பேர் தலைக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அவள் வந்துவிட்டாள் மாமா. நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். "என்னை மேற்பார்வையாளரா போட்டுட்டாங்க! பதினோரு பேரு என் கீழ! இந்த மாசத்துலேருந்தே எரநூத்திப் பத்து கூட!" சான்றிதழின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குடும்ப வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு பொடி எழுத்தில் இருக்கிறது. அதை நாங்கள் சரியாக முப்பதால் தாண்டிவிட்டோம். உதவித்தொகை கிடையாது. மேலே உள்ளதை எல்லாம் கிழித்துப்போட வேண்டும், ஆனால் இவ்வளவு எழுதியபின் மனம் வரவில்லை. நாளை போன் செய்தால் அவளை வாழ்த்த மட்டும் செய்யுங்கள், மற்றது அவள் காதில் விழ வேண்டாம். கணக்கில் அவள் புலி, தெரிந்தால் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். அவள் முகத்தை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா மாமா? அந்தப் பதினோரு பேரின் பெயரையும் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பேரும் கை தட்டுகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறாள். கை தட்டப் போகிறேன்.