படகடியில் ஒன்று

குளிர்காலம் பிறந்ததும் கடிகாரம் பழுது பார்ப்பவர் தம் வீட்டில் ஒரு பிரகடனம் செய்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை காலையில என்னைத் தேடாத. கடற்கரையில பறவை எண்ணப் போறேன்."

"யாரு, நீங்களா? நம்ம வீட்டுல எத்தனை தலையணைன்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம்," என்றாள் மனைவி.

ஞாயிறு என்றால் வீடு கழுவி, துணி துவைக்கும் நாள். ஆறு நாளும் பற்சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு ஓய்வு வேண்டாமா? பறவைக் கணக்கெடுப்பு நடத்தும் ஆசிரியரிடம் பெயர் கொடுத்தார். தொலைநோக்கி வாங்கினார். கடற்கரையில் ஒரு கவிழ்த்துப் போட்ட படகு இருந்தது. அதில் சாய்ந்தால் காற்றே தாலாட்டும். விழித்ததும் தாளில் 'உள்ளான் நூறு, ஆலா ஐம்பது' என்று எழுதிக்கொண்டு பசியோடு வீடு திரும்புவார். திங்களன்று சந்தைக்குப் போகிற வழியில் தாளை ஆசிரியரிடம் சேர்ப்பது மனைவியின் வேலை.

யானைக்கும் அடி சறுக்கும். தூங்கும்போது நெஞ்சில் உறுத்துகிறதென்று மூன்றாம் வாரத்திலிருந்து தொலைநோக்கியை வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் ஆசிரியரே வீடு தேடி வந்தார். கடிகாரக்காரர் அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். குட்டு உடைந்தால் ஞாயிறு போச்சு, கையில் துடைப்பம்தான்.

"முதல் ரெண்டு வாரம் எனக்குச் சந்தேகம்தான் சார். பறவை என்ன, மொத்த வியாபாரமா, நூறு நூறா வர்றதுக்கு? அப்புறம் பாத்தா எண்பத்தேழு உள்ளான், நாப்பத்தொரு ஆலா! ஒரு உள்ளான் நொண்டுதுன்னுகூட எழுதியிருக்கீங்க. கையெழுத்தே திருந்திடுச்சு! இந்தக் கடைசி வரிதான் புரியல."

தாளில் இருந்தது மனைவியின் கையெழுத்து. 'படகடியில் பெரிய உருவம், ஒன்று. ஏழு பத்துக்கு வந்து அமர்ந்தது. ஒன்பதேகால் வரை அசைவில்லை. இரை தேடவில்லை.'

"இது என்ன பறவை?"

"அது வலசை போற ஜாதி இல்ல சார்," என்றாள் மனைவி, தேநீரை நீட்டியபடி. "சாப்பாட்டு வேளைக்கு இங்கேயே வந்துரும்."

மாடியில் நின்றால் கடற்கரை முழுக்கத் தெரியும். இருபது வருடமாக அவள் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதான் துணி காயப்போடுகிறாள். கூட வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார், ஆசிரியர் போனதும்.

"அந்த நொண்டியைக் காட்டத்தான் ஒரு நாள் ஓடி வந்தேன். நீங்க அசந்து தூங்குனீங்க. எழுப்ப மனசு வரல."

அவர் ஆணியிலிருந்து தொலைநோக்கியை எடுத்து அவளிடம் நீட்டினார். "அடுத்த வாரம் ரெண்டு பேரும் போலாமா?"

"துணியை யாரு காயப்போடுறது?"

அடுத்த ஞாயிறு தொலைநோக்கியோடு அவள் கிளம்பினாள். அவர் வாளியோடு மாடியேறினார். பாதித் துணி கொடிக்குப் போனது. இளவெயில் இதமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரே ஒரு நிமிடம் உட்கார்ந்தார்.

நண்பகலில் அவள் திரும்பி வந்து தாளை அவர் கையில் கொடுத்தாள்.

'உள்ளான் தொண்ணூற்றிரண்டு. நொண்டி நலம். மாடித் தொட்டியோரம் பெரிய உருவம், ஒன்று. இடம் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.'