சஹன் பட்டியலில் நான்காவது பத்தி

பதுளை,
4.4.1988

கண்ணியமிக்க மச்சான் இப்றாஹீம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் உங்கள் தங்கை ஸைனபுக்கும் உடம்புக்குக் குறையில்லை. மனதைப் பற்றி எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மகன் நிஸாமின் வலீமா கல்யாண விருந்தில் நீங்கள் ஒரு கவளம்கூடச் சாப்பிடாமல் மொனராகலை பஸ் ஏறியதற்கு முழுக் காரணமும் நான்தான். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். டியூட்டரியில் கம்ப்யூட்டர் படித்தேன். ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிட, யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதற்கு ஒரு புரோகிராமே எழுதினேன். அது ஒவ்வொரு ஆளையும் ஒரு பொட்டலமாக வைத்துக்கொள்ளும். பெயர், ஊர், சஹன் இலக்கம், வீட்டாருக்கு மட்டுமான குறிப்பு எல்லாம் உள்ளே கிடக்கும். அட்டவணையாக அச்சடிக்கும்போது எந்தெந்தப் பத்தி வேண்டும், எத்தனை எழுத்து அகலம் என்று நாம் சொல்ல வேண்டும். நான் பெயருக்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்துக் கொடுத்தேன். ஆண்கள் அறுபது பேரும் வெறும் முஹம்மது ஆகிவிட்டார்கள். பதறிப்போய், கேட்டிருந்த பத்திப் பெயர்கள் உட்பட எல்லாவற்றையும் அழித்து, அகலத்தை மட்டும் கூட்டி மறுபடி அடித்தேன். பத்திகளைப் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. வாசித்துக்கூடப் பார்க்காமல் மண்டப வாசலில் ஒட்டிவிட்டேன், மச்சான்.

நீங்கள் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என் சிநேகிதர், ஹாலிஎலத் தோட்டக் கிளாக்கர் ரெங்கசாமி, உதவிக்கு வந்தாரே, அதுதான் என் கெட்ட காலம். "ஐயா, உங்களுக்கு ஏழாம் சஹனுங்க. பக்கத்துல என்னமோ நீளமா இருக்கு, இருங்க" என்று, ஆங்கிலத்தில் இருந்ததை ஊருக்கே கேட்கத் தமிழில் வாசித்தார்: "இறைச்சியைத் தன் பக்கம் இழுப்பார். சின்னப் பிள்ளைகளோடு வைக்க வேண்டாம்." வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது.

அந்தக் குறிப்பை அடித்தது இந்தக் கைதான். ஸைனபுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் கோபிக்காதீர்கள். மூன்று வாரமாக அவள் என்னோடு பேச்சில்லை. கூடப்பிறந்தவர் என்று அவளுக்கு இருப்பது ஒரே நானா. பெருநாளைக்கு நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் பெருநாளே இல்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் கடைக்கும் ஆயுளுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
முஹம்மது பலீல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஸைனப் பிடுங்கி வாசித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் திறந்தாள். சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள்: "நானா, இவரு பொய் சொல்றாரு. அத எழுதச் சொன்னது நான்தான். சின்ன வயசுல என் பங்கு எறச்சிய நீங்க எடுத்தப்ப, உம்மாக்கிட்ட ஒருநாளும் நான் கோள் சொன்னதில்ல. நாப்பது வருஷம் கழிச்சு அந்த மெஷினுக்கிட்டப் போய்ச் சொல்லிட்டேன். பெருநாளைக்கு வாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சஹன். என் பங்கையும் எடுத்துக்கங்க."